பதினெட்டு மில்லிமீட்டர்

மாநாட்டு மண்டபத்தில் அவருக்கு அங்குலம் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். சட்டைப் பையில் எந்நேரமும் அளவு டேப் இருக்கும். கல்யாண வீட்டில் உட்காரச் சொன்னால்கூட முதலில் நாற்காலியின் காலைப் பார்ப்பார், அப்புறம்தான் உட்காருவார். முப்பத்தொரு வருஷமாக உலகத்துப் பெரிய மனுஷர்களுக்கெல்லாம் இருக்கை போடுகிறவர். இன்றைக்கு யார் கை ஓங்கியிருக்கிறது, யார் கை தாழ்ந்துவிட்டது என்று பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அங்குலத்துக்கு அந்தச் சிரமமே கிடையாது. மேஜையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீள மேஜை ஒன்றுதான். தலைமாட்டில் ஒரே நாற்காலி. அதில் உட்காருகிற நாடு இருமினால் மற்ற நாடுகள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும். அநியாயம்தான், ஆனால் நாற்காலி போடுகிறவனுக்குச் சுலபம். பிறகு இன்னொருவருக்கும் தலைமாட்டில் உட்கார ஆசை வந்தது. மேஜையின் அந்த முனையும் தலைமாடு ஆயிற்று. அப்புறம் மூன்றாவதாக ஒருவர், நான்காவதாக ஒருவர். எல்லோரிடமும் குண்டு இருக்கிறது, இல்லையென்றால் எண்ணெய் இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் அடுத்தவன் கப்பல் போகிற வழியாவது கைக்குள் இருக்கிறது. யாரை எங்கே உட்கார வைப்பது? தொல்லை விட்டது என்று வட்ட மேஜை செய்தார்கள். வட்டத்துக்கு ஏது தலைமாடு என்று நீங்களும் நானும் நினைப்போம். வாசலைப் பார்த்து உட்காருகிறவன்தான் பெரியவன் என்று அடுத்த வருஷமே கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல சுவரை இடித்து நான்கு பக்கமும் வாசல் வைத்தாயிற்று. மழை பெய்தால் இப்போது நான்கு பக்கமும் சாரல். துடைப்பது மண்டபத்து ஆட்கள்.

நாற்காலிக் கதை தனி. இரு தரப்பு ஆட்களும் முந்தின நாளே வந்து, தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம் என்று அளப்பார்கள். ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தால் அங்குலம் காலுக்கடியில் கம்பளித் துண்டு ஒட்டிச் சரி செய்வார். அப்புறம் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். மண்டபத்துக்குள் ஊழியர்கள் நாட்டுப் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஒரு சட்டம் வேறு. அதனால் மேஜையில் வைக்கிற கோப்பின் நிறத்தை வைத்துப் பேசிக்கொள்வார்கள். நீலம் என்பார்கள், பச்சை என்பார்கள்.

இந்த நீலமும் பச்சையும்தான் அங்குலத்தின் குடும்பத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தன.

நீலம், பச்சையின் எண்ணெய்க் கப்பல் ஒன்றைப் பிடித்து வைத்தது. பச்சை சும்மா இருக்குமா? ஒரு ஜலசந்தியில் காத்திருந்து, உரமூட்டை ஏற்றிப்போன கப்பல் ஒன்றை மடக்கியது. அந்தக் கப்பல் நீலத்துடையதாக இருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, உரம் போய்ச் சேரவேண்டியது வேறொரு நாடு. நீலத்துக்கும் அதற்கும் இருந்த ஒரே சம்பந்தம், கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தது நீலத்துக் கம்பெனியில் என்பதுதான். உள்ளே இருந்த இருபத்திரண்டு மாலுமிகளில் ஒருவன்கூட இந்தச் சண்டையில் சம்பந்தப்பட்டவன் இல்லை. அவர்களில் ஒருவன் என்ஜின் ஃபிட்டர். அங்குலத்தின் ஒரே மகளுக்குக் கணவன்.

பதினொரு மாதம் ஆகிறது. கப்பல் கரை தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது, மேல்தளத்தில் துப்பாக்கியோடு காவல். அவன் போகும்போது மகள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். பிள்ளை இப்போது தவழ்கிறது. அப்பன் முகத்தை அது போனில் உள்ள படத்தில்தான் பார்த்திருக்கிறது. தாயில்லாத மகள், கைப்பிள்ளையோடு அங்குலத்தின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

நீலமும் பச்சையும் தன் மண்டபத்திலேயே உட்கார்ந்து பேசப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அங்குலம் என்னென்ன பேசப்போகிறார்கள் என்று தேட ஆரம்பித்தார். கோப்புகளை மேஜையில் வைக்கிறவரும் அவரே என்பதால், பார்க்கக்கூடாத பட்டியலைப் பார்த்துவிட்டார். ஏவுகணை, ஜலசந்தி, கடலுக்கடியில் போகும் கேபிள் என்று வரிசையாகப் போய், ஒன்பதாவதாக ஒற்றை வரி: பிடிபட்ட கப்பல்களின் ஊழியர்கள். அதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு மேல்.

அன்று காலை கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள்.

"நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்ப்பா. பாதியில எந்திரிச்சுப் போகாம பாத்துக்கங்க. ஒன்பதாவது வரைக்கும் உக்காந்தா போதும்."

"நான் நாற்காலி போடறவன்ம்மா. என்னால என்ன ஆகும்?"

"நாற்காலிதானேப்பா உக்கார வைக்குது," என்றாள் அவள்.

பேச்சு நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. மதியத்துக்குள் பட்டியலில் ஆறு விஷயம் முடிந்தது. ஆனால் நீலத்தின் தலைவரைப் பார்க்கப் பார்க்க அங்குலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கனத்த உடம்பு, எழுபது வயதுக்கு மேல். பதினொன்றரைக்கே ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தார். பன்னிரண்டுக்கு எழுந்து நின்று, ஜன்னலைப் பார்ப்பதுபோல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். உலகமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்குலம் மட்டும் அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை இடுப்பைப் பார்த்திருப்பார். இந்த ஆள் மூன்று மணிக்கு மேல் தாங்கமாட்டார், கூட்டத்தை முடித்துவிடுவார்.

சாப்பாட்டு இடைவேளையில் பட்டறைக்குப் போய், கெட்டியான ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டினார். ஸ்டோர்காரர் அவருக்குப் பல வருஷச் சிநேகிதர், கூடவே நின்றார்.

"அளந்து கையெழுத்துப் போட்ட நாற்காலிய்யா அது. வம்ப விலைக்கு வாங்காதீங்க. வச்சே ஆகணும்னா ரெண்டு பேருக்கும் வைங்க."

"ரெண்டு பேருக்கும் வச்சாத்தான் தப்பு," என்றார் அங்குலம். "நீலம் நூறு கிலோ இருப்பாரு. அவரு உக்காந்தா இது அப்படியே அமுங்கிடும், உயரம் மாறாது. பச்சை ஒல்லி. அவருக்கு வச்சா அமுங்காது, நீலத்தவிட உசந்து தெரிவாரு. அதுதான் கலாட்டா ஆகும்."

கணக்கு அப்பழுக்கில்லாத கணக்கு. வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாற்காலிக்கும் வைத்துவிட்டுப் போயிருப்பான், இல்லையென்றால் வைக்காமலே இருந்திருப்பான். இந்த மனுஷன் மட்டும்தான், ஆள் உட்கார்ந்த பிறகு எவ்வளவு உயரம் இருக்கும் என்று யோசிப்பார். ஸ்பாஞ்சை நீலத்தின் இருக்கைத் துணிக்கடியில் செருகி, சுருக்கம் தெரியாமல் இழுத்து ஆணி அடித்தார். வேலை என்றால் அப்படி ஒரு வேலை.

இரண்டேகாலுக்குப் பச்சையின் பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தான். இடைவேளைக்குப் பின் இன்னொரு தடவை அளந்து பார்ப்பது அவன் வழக்கமாம். கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற கருவி. காலி நாற்காலியை அளந்தான். ஆள் இல்லாத நாற்காலியில் ஸ்பாஞ்சு எங்கே அமுங்கும்? பதினெட்டு மில்லிமீட்டர் அதிகம் என்று காட்டியது. படம் எடுத்தான். அந்தப் படம் பச்சையின் தலைவருக்குப் போவதற்குள் அவர்கள் நாட்டு டிவிக்குப் போய்விட்டது.

பச்சையின் தலைவர் உள்ளேயே வரவில்லை. எங்களைத் தாழ்த்தி உட்கார வைக்கச் சதி என்றார். நாற்காலிக்குள் ஸ்பாஞ்சு இருக்கிறது என்று தெரிந்ததும் நீலத்தின் தலைவருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னை நோயாளி என்று உலகத்துக்குக் காட்டச் சதி என்றார். இடுப்பு வலியா, யாருக்கு? அவருக்கு இடுப்பே இல்லை என்பதுபோல் நிமிர்ந்து நடந்து காரில் ஏறினார். போவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தன. ஏவுகணையில் ஒத்துப்போகாதவர்கள், ஜலசந்தியில் ஒத்துப்போகாதவர்கள், மண்டபத்து ஊழியரின் பொறுப்பின்மையை வன்மையாகக் கண்டிப்பதில் ஒரு கமா வித்தியாசம் இல்லாமல் ஒத்துப்போனார்கள். மாலுமிகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

மேலாளர் அம்மா கூப்பிட்டு விட்டாள்.

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"யாரையும் கேக்கலம்மா."

"ஏன் வச்சீங்க?"

மருமகன் என்று வாய்வரை வந்ததை அங்குலம் மென்று விழுங்கினார். "அவருக்கு இடுப்பு வலிச்சுதும்மா."

அவள் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினாள். "எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. கூப்பிடற வரைக்கும் வரவேண்டாம்."

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நீலத்தின் ஆட்களை விமான நிலையத்தில் விட்டுத் திரும்பிய வாடகை டிரைவர் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க ஏண்ணே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறீங்க? பன்னண்டு மணிக்கே பெட்டியெல்லாம் ஏத்தச் சொல்லிட்டாங்க. பச்சை வண்டியிலயும் அப்படித்தான். ஏழாவதுல ரெண்டு பேருக்கும் ஒத்துவராதுன்னு காலையிலயே தெரியுமாம். எந்திரிச்சுப் போக ஒரு சாக்கு வேணும். உங்க பஞ்சு இல்லன்னா தண்ணி கிளாஸு."

இதைக் கேட்டு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. பெரிய மனுஷர்களாம். கப்பலைப் பிடிக்கத் தெரிகிறது, ஊரை மிரட்டத் தெரிகிறது, எங்களால் முடியவில்லை என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதற்கு ஒரு நாற்காலிக்காரன் தலை வேண்டியிருக்கிறது. அங்குலத்துக்கு வந்த கோபத்தில் பாதி அவர்கள்மேல். மீதிப் பாதி தன்மேலேதான். சாக்கைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, அளந்து வெட்டி, ஆணியும் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனபோது மணி ஆறே முக்கால். மகள் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தது. திரையில் அந்த நாற்காலியைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த நாசமாப் போறவன் வேலைப்பா இது?" என்றாள் திரும்பாமலே.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் குனிந்தபடியே சொன்னார். "நான்தாம்மா."

அவள் டிவியை அணைத்தாள். அவர் இடுப்பு வலியைச் சொன்னார், நூறு கிலோவைச் சொன்னார், டிரைவர் சொன்னதையும் சொன்னார். அவள் திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். கண் மட்டும் நிறைந்து நின்றது.

"இன்னைக்கு வியாழக்கிழமை," என்றாள். "அவர் பேசற நாள்."

கப்பலில் வாரத்துக்கு ஒருநாள் ஐந்து நிமிஷம் போன் கொடுப்பார்கள். ஏழு மணிக்கு அடித்தது. அவள் எடுக்கவில்லை. போனை அப்பாவிடம் நீட்டினாள்.

"மாமா, நீங்களா? நல்லதாப் போச்சு," என்றான் மருமகன். "எங்க மாமா அந்த மண்டபத்துலதான் இருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் சுத்தி உக்காந்திருக்கோம். ஒன்பதாவதுக்கு வந்தாங்களா?"

"வரல மாப்பிள்ளை. ஆறோட எந்திரிச்சுட்டாங்க."

அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. "ஏன் மாமா?"

"ஒரு நாற்காலி பதினெட்டு மில்லிமீட்டர் உசரமா இருந்துச்சு. அதனால எந்திரிச்சுட்டாங்க. அத அப்படிப் போட்டது நான்தான் மாப்பிள்ளை."

பாஷை புரிந்த ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். மருமகன் அதை மற்றவர்கள் பாஷையில் திரும்பச் சொல்ல, இருபத்திரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தகரத்தில் மோதி எதிரொலித்து அந்தச் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அங்குலம் போனைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"போதும் மாமா, சிரிச்சு வயிறு வலிக்குது," என்றான் மருமகன், மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு. நிஜமா என்ன நடந்துச்சு, அதச் சொல்லுங்க."