நான் கனடா போகாத மாசி மாதமும் மகளின் படிப்புக் காசும்

அந்த மாசி மாதம் நான் கனடாவில் ஒரு கலியாண வீட்டில் நின்றதாகத்தான் எங்களுக்குத் தெரிந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நான் பிராங்பேர்ட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், நெஞ்சைத் திறந்து தைத்த நிலையில் படுத்திருந்தேன்.

பிள்ளைகளே, ஏன் இப்படி ஒரு பொய் என்று கேட்பீர்கள். அப்போது எங்கள் மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் ஒருவருக்கு நோய் வருத்தம் என்றால் வெளியில் மூச்சு விட மாட்டோம். நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்றைக்கே மனைவி சொல்லிவிட்டாள்: "தகப்பனுக்கு இருதய வருத்தம் எண்டால் பிள்ளைக்கும் வருமோ எண்டு கேப்பினம். ஒருதரும் வாய் திறக்கக் கூடாது." நானும் தலையை ஆட்டினேன். மறுத்துப் பேசுகிற நிலையில் நான் இல்லை.

கனடா என்று சொன்னதில் ஒரு சிக்கல் வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அக்கா, வறுத்து இடித்த மிளகாய்த்தூளைப் பெரிய பொதியாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டா. "தம்பி போறாராம் எல்லே, என்ரை தங்கச்சியிட்டை குடுத்துவிடச் சொல்லுங்கோ." மறுக்க வழியில்லை. மனைவி அதைத் தபாலில் கனடாவுக்கு அனுப்பினாள். அந்தத் தபால் செலவுக்கு இங்கேயே ஒரு வருடத்துக்கு மிளகாய்த்தூள் வாங்கியிருக்கலாம்.

இதிலே நான் சொல்ல வந்தது சின்ன மகளைப் பற்றி. அவள் தூரத்தில், டிரெஸ்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அப்போது மூன்றாவது செமஸ்டர். எனக்கு வேலையிடத்து ஜேர்மன்தான் தெரியும். விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவுகிற இடத்தில் "கொண்டுவா, அடுக்கு, கவனம்" இவ்வளவும் போதும். இருதயத்துக்கு அது போதாது. மனைவிக்கும் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கப் போதுமான மொழிதான். ஆகவே சின்னவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் டொக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கனநேரம் பேசினார். கையால் படம் வரைந்து காட்டினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரியாம் அப்பா, கையெழுத்து வைக்கட்டாம்" என்றாள். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள்தான் எல்லாம். மருந்துக் கடை, காப்புறுதிக்காரர், புனர்வாழ்வு நிலையத்துக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதுவது, காயத்தைப் பார்க்க வருகிற தாதியோடு பேசுவது. டிரெஸ்டனில் அப்போது செமஸ்டர் முடிவுச் சோதனைகள் எழுதுகிற காலம் என்று எங்களுக்குத் தெரியாது. படிப்பைப் பற்றிக் கேட்டால், "அதைப் பிறகு பாக்கலாம் அப்பா" என்றாள். அவள் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றும் அறிவிக்கவில்லை. ஏன் வரவில்லை என்று சிநேகிதிகள் கேட்டதற்கும் கனடாக் கலியாணம் என்றே சொல்லியிருக்கிறாள்.

மூத்தவளின் கலியாணம் ஆனி மாதம் நல்லபடியாக முடிந்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை சின்னவள் வீட்டுக்கு வந்தாள். மனைவி அவளுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்திருந்தாள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன பிள்ளை, சாப்பிடுறாய் இல்லை?"

"அப்பா, எனக்கு பாஃபெக் நிக்கப் போகுது."

பாஃபெக் என்பது, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்கு இந்த நாட்டு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற காசு. பாதி கடன், பாதி சும்மா. அவளுடைய அறை வாடகையும் சாப்பாடும் அதில்தான். அதை ஒருமுறை கொடுத்தால் கடைசிவரை கொடுப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நாலாவது செமஸ்டர் முடிய, இந்தப் பிள்ளை அந்த நேரத்துக்குப் படித்து முடித்திருக்க வேண்டியதைப் படித்து முடித்திருக்கிறது என்று பல்கலைக்கழகம் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் ஐந்தாவது செமஸ்டரில் இருந்து காசு இல்லை.

"மாசியிலை எழுதாத சோதினையளிலை பாதியைத்தான் ஆடியிலை எழுத முடிஞ்சது. மிச்சம் கிடக்கு. அவை கையெழுத்து வைக்க மாட்டினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"காசு இல்லாட்டி நான் டிரெஸ்டனிலை இருக்க ஏலாது. திரும்பி வந்து ஏதும் ஆவுஸ்பில்டுங் செய்யிறன், வேலையோடை படிப்பு. பரவாயில்லை அப்பா."

பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்தைக் கேட்டு நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். சின்ன வயதில் இருந்தே பாலம் கட்டப் போகிறேன் என்று சொன்ன பிள்ளை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆளும் அவள்தான்.

நான் திரும்பக் கேட்டேன். "வேறை வழியே இல்லையோ?"

அவள் தாயைப் பார்த்தாள். "ஒரு வழி இருக்கு. பிந்தினதுக்கு முக்கியமான காரணம் இருந்தால், காட்டிறதுக்கு இன்னும் கொஞ்சக் காலம் தருவினம். தாய் தகப்பனுக்குப் பெரிய வருத்தம் வந்து பாத்துக்கொண்டதையும் சொல்லிப் பாக்கலாமாம். ஆனால் அதைச் சொல்லோணும். ஆஸ்பத்திரிக் கடதாசியும் குடுக்கோணும்."

மனைவி உடனே, "உனக்கு வருத்தம் எண்டு சொல்லன்" என்றாள்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே அம்மா."

"அது எனக்குத் தெரியும். சும்மா சொல்லுறதுக்குத்தானே."

"டொக்டர் எழுதித் தரோணும் அம்மா. பொய்க்கு ஆர் எழுதித் தருவினம்?"

மனைவி எழும்பிப் போய் அடுப்பை நிற்பாட்டினாள். அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. அவளுடைய பயம் எனக்கு விளங்கியது. கலியாணம் முடிந்து இரண்டு மாதம். இப்போது கதை வெளியில் வந்தால், மறைத்துக் கட்டிக் கொடுத்தவர்கள் என்று சம்பந்தி வீட்டில் சொல்லுவார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒபீஸ் என்றாலும் ஒன்றுதான், ஊர் என்றாலும் ஒன்றுதான். ஓர் இடத்தில் எழுதினால் எல்லா இடமும் போகும் என்று நினைப்போம்.

"நெஞ்சு என்ரை," என்றேன். "நானே போய்ச் சொல்லுறன். பிள்ளையின்ரை படிப்பு போனால் பிறகு ஆரிட்டை எதை மறைச்சு என்ன?"

 மனைவி, "அப்ப சம்பந்தி வீட்டுக்கும் நாங்களே சொல்லுவம். மற்றாக்கள் சொல்லி அவை கேக்கக் கூடாது" என்று தொலைபேசியை எடுத்தாள். அந்தப் பக்கம் சம்பந்தி அம்மா சிரித்தது எனக்கே கேட்டது. "அக்கா, கலியாணத்தண்டு மண்டபத்துப் படி ஏறேக்கை அண்ணை படிக்குப் படி நிண்டு மூச்சு வாங்கினவர். நாங்கள் அப்பவே கதைச்சனாங்கள். கேட்டால் உங்களுக்குச் சங்கடமா இருக்கும் எண்டு விட்டிட்டம். இப்ப சுகமே?" மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு, "இவ்வளவுதானோ" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

டெர்மின், அதுதான் சந்திக்கிற நேரம், கிடைத்த அன்று சின்னவளோடு நானும் டிரெஸ்டனில் பாஃபெக் கொடுக்கிற ஒபீசுக்குப் போனேன். என் ஆஸ்பத்திரிக் கடதாசிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் என் வயதுப் பெண்மணி, கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். மகள் விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். சத்திரசிகிச்சை என்ற சொல் வந்ததும், சாட்சி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிட்டேன்.

"அப்பா, என்ன செய்யிறியள்? வேண்டாம்."

அந்த அம்மா கையைத் தூக்கி, கடதாசியே போதும் என்றார். பிறகு மகளிடம், "இதை ஏன் அப்போதே அறிவிக்கவில்லை?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் எனக்குத் தெரிந்த ஜேர்மனில், எங்கள் ஆட்கள் வருத்தத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இங்கே நாங்கள் வருத்தத்தைத் தவிர வேறொன்றும் பேச மாட்டோமே." அந்த ஒபீசில் நானும் சிரித்தேன், மகளும் சிரித்தாள்.

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வெளியில் கிடந்த ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அவள் எழுதினாள். எழுதி முடித்து எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அப்போதுதான் அந்த டொக்டர் கனநேரம் பேசியது என்ன என்று எனக்குத் தெரிந்தது. நான் எழும்பாமலே போகக் கூடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு இருபது வயதுப் பிள்ளை என்னைப் பார்த்து "எல்லாம் சரியாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

"இதையும் எழுதத்தான் வேணுமோ?" என்று கேட்டேன்.

"இதுதான் அப்பா காரணம்," என்றாள்.

முடிவு வரக் கொஞ்ச வாரம் பிடித்தது. அதுவரைக்கும் அவள் விடிய எழும்பி ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்றாள். ஐப்பசியில் பதில் வந்தது. காரணத்தை ஏற்றுக்கொள்கிறோம், அந்தக் கையெழுத்துக் கடதாசியை ஒரு செமஸ்டர் பிந்திக் காட்டலாம், அதுவரை காசு தொடரும் என்று இருந்தது. பேக்கரியை விட்டுவிட்டு அவள் படிக்க இருந்தாள். சோதனைக் காலம் முழுக்க நாங்கள் அவளுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. மனைவிக்குத்தான் அது கடினமாக இருந்தது.

ஒரு பகல் நான் வேலையில் நின்றபோது அவளே எடுத்தாள்.

"அப்பா, எல்லாம் பாஸ். பேராசிரியர் கையெழுத்து வைச்சிட்டார். கொண்டுபோய்க் குடுத்திட்டன்."

நான் நெஞ்சில் கை வைத்தபடி, கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியின் மேல் இருந்துவிட்டேன். வேலையிடத்தில் என் நெஞ்சு வருத்தம் எல்லோருக்கும் தெரியும். தமிழ் ஆட்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்ன, நெஞ்சா? அம்புலன்ஸ் கூப்பிடவா?"

"இல்லை இல்லை," என்றேன். "மகளுக்கு பாஃபெக் தொடருது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தண்ணீர் கொண்டுவந்து தந்து, இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று சொல்லிவிட்டு, என்னுடைய தட்டுகளையும் தானே அடுக்கத் தொடங்கினார்.