நகராத விரல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவள். யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து என் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பேத்தி கவிதா அதைப் பிரித்துப் பார்த்தாள், மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் படிக்கலாம் லா, பாட்டி. கதை கேளுங்க, ஃப்ரீதான்" என்று கைப்பேசியில் ஒரு பழைய நாவலைப் போட்டுவிட்டாள்.

யாரோ ஒரு புண்ணியவதி காசு வாங்காமல் முழுவதும் படித்து வைத்திருக்கிறாள். நிறுத்தி நிதானமாகப் படிக்கும் குரல்.  பார்வதி அக்காவும் இப்படித்தான் படிப்பாள்.

பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ரப்பர்ப்பால் வாடை போகாத விரலை வரிவரியாக நகர்த்திக் கதை படிப்பாள். அம்மா கருவாடு ஆய்ந்துகொண்டே கேட்பாள். அப்பா அப்போது கிள்ளானில், ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் அங்கிருந்து கடிதம் வந்தது.

"சொகமா இருக்காராம் அத்த. வெள்ளிக்கிழம வந்துருவாராம்" என்று அதே கதைக் குரலில் படித்தாள் அக்கா.

அம்மா சிரித்தாள். நான் அக்காவின் விரலைப் பார்த்தேன். அது முதல் வரியிலேயே நின்றிருந்தது.

அப்பா வெள்ளிக்கிழமைதான் வந்தார். லோரியில், வெள்ளைத்துணி சுற்றி.

அதன் பிறகே அடம்பிடித்து எழுத்துக் கற்றேன். தமிழ் மட்டும்.

கவிதா, நான் எழுதிய இதை எனக்குப் படித்துக் காட்டு. விரல் வைத்துப் படி. பிறகு அந்தக் கடிதத்தையும் அப்படியே படி.