மணலில் ஓட வேண்டிய கியர்பாக்ஸ்

எங்கள் ஷெட்டின் மூலையில் மரச்சட்டத்தின் மேல் ஒரு கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. ராணுவ வண்டிக்காக ஓசூரில் நாங்களே செய்தது. சும்மா கிடந்தால் பேரிங் ஒரே இடத்தில் அழுந்திக் கெட்டுப்போகும். அதனால் சனிக்கிழமைதோறும் ஷாஃப்டைக் கையால் சுற்றிவிடுவேன். ஓட வேண்டியதைக் கையால் சுற்றுவது எரிச்சலான வேலை.

பாலைவனச் சோதனையில் இது ஒருமுறை தோற்றது. ஆயில் போகும் வழி குறுகல். சூட்டில் சீல் போய் ஆயில் கசிந்து வண்டி மணலில் நின்றது. திருத்தினோம். சூடான அறையில் வைத்து நாள்கணக்கில் ஓட்டினோம், ஒரு சொட்டு கசியவில்லை. ராணுவத்திடம் மறு சோதனை கேட்டால், உள்நாட்டு எஞ்சின் வரட்டும், சேர்த்துப் பார்க்கலாம் என்றார்கள். எஞ்சின் செய்கிறவர்களிடம் கியர்பாக்ஸ் வரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இறக்குமதி. வெளிநாட்டுப் பொருள் நின்றால் டிரைவருக்குப் பழகவில்லை என்பார்கள். நம்முடையது நின்றால், எனக்கு அப்பவே தெரியும் என்பார்கள்.

பிப்ரவரியில் மேனேஜர் என்னை டிராக்டர் லைனுக்குக் கூப்பிட்டார், பதவி உயர்வோடு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிறன்று மனைவியோடு ராயக்கோட்டைக்குத் தக்காளி வாங்கப் போனேன். ஸ்டேஷனில் ராணுவ ரயில் நின்றிருந்தது. திறந்த வேகன்களில் தார்ப்பாய் போட்ட வண்டிகள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. இல்லன்னா வீடு வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவீங்க," என்றாள்.

காவலுக்கு நின்ற சிப்பாய் கன்னடக்காரன். கன்னடத்திலேயே பேசினேன். கியர் எப்படி விழுகிறது என்று கேட்டேன்.

"ஏண்ணா, வண்டி வாங்கப் போறியா?" என்று சிரித்தான்.

"கியர்பாக்ஸ் செய்யறவன்பா."

சிரிப்பை நிறுத்தினான். "நல்லாத்தான் விழுது. ரிப்பேர் ஆனா சாமான் கடல் தாண்டி வரணும். அதுவரைக்கும் வண்டியத் தொடச்சிக்கிட்டு உக்காந்திருப்போம். உங்க சாமான் எப்ப வரும்?"

ஒரு சக்கரத்தையாவது தொட்டுப் பார்க்கட்டுமா என்றேன்.

"அது மட்டும் கேக்காதண்ணா. தள்ளி நில்லு."

ரயில் கிளம்பியது. கடைசி வேகன் மறையும்வரை நின்றேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் வரமுடியாது என்றேன்.

"அந்தப் பெட்டி எங்கயும் போகப் போறதில்ல. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"மணல்ல அது ஓடற சத்தத்த ஒரு தடவ கேக்கணும் சார். அப்பறம் எங்க வேணா போடுங்க."

"அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவீங்க."

"ஆவறன்."

டிராக்டர் லைனுக்குப் பேரிகை ஊர்க்காரர் ஒருவர் போனார். நல்ல வேலைக்காரர், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. இப்போது வெயில் ஏறிவிட்டது. பாலைவனத்தில் சூட்டுச் சோதனை வைப்பது இந்த மாதங்களில்தான். மேனேஜரின் போன் அடிக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் ஸ்பேனரை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். எல்லாம் டிராக்டர் பேச்சு.