சந்திரன் அண்ணனின் அப்பர்ச்சர் ரிங்

"பிலோ, இது ரோசாக் ஆயிடுச்சு லா, திரும்பவே மாட்டேங்குது. ஞாயித்துக்கிழம என் மக கல்யாணம். எப்படியாவது சரி பண்ணிக் குடு."

கூலிமில் உள்ள என் கேமரா ரிப்பேர் கடைக்குள் சந்திரன் அண்ணன் இப்படித்தான் நுழைந்தார். கரங்கானில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். கையில் பழைய ஐம்பது எம்எம் லென்ஸ். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் அப்பர்ச்சர் ரிங் பாதி வரை வந்து, நறநறவென்று அரைத்து நின்றுவிடுகிறது. கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஏற்கெனவே இரண்டு பையன்களை ஏற்பாடு செய்திருந்தார்.

"அப்புறம் நீங்க எதுக்குண்ணே எடுக்கணும்?"

"ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் எடுத்தேன். என் புள்ளைக்கு எடுக்க வேணாமா? இந்த லென்ஸ் இல்லன்னா கேமராவத் தொடவே மாட்டேன்."

ஞாயிறு காலை மண்டபத்துக்கே கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. ரிங் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் உள்ளே வெளிச்சத்துக்கு வழிவிடும் மெல்லிய பிளேடுக்குப் போனால் லென்ஸ் கதை முடிந்தது. முதலில் பின்பக்கத்து லிவரை விரலால் தள்ளிப் பாருங்கள். பிளேடு டக்கென்று மூடித் திறந்தால் கோளாறு ரிங்கில்தான். இதிலும் அப்படித்தான். ஸ்க்ரூக்களைக் கழற்றி ரிங்கை மெல்லத் தூக்கினேன். அவசரப்பட்டால், கிளிக் சத்தம் தரும் கடுகளவு இரும்புக் குண்டு பறந்துவிடும். அப்புறம் தரையில் தவழ வேண்டியதுதான். குண்டு உட்காரும் பள்ளங்களில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. பழைய கிரீஸ் என்று நினைத்து முகர்ந்தேன். சந்தனம்!

அண்ணனின் மனைவி ராணி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆயுத பூஜைக்கு லென்ஸுக்கும் பொட்டு வச்சீங்களாக்கா?"

"எல்லாத்துக்கும்தான் வச்சேன். அது அவருக்குப் புடிச்சதுன்னு கொஞ்சம் தாராளமா வச்சேன்மா."

நான் கத்தோலிக்கப் பெண். லென்ஸுக்குப் பொட்டு வைத்த அனுபவம் எனக்கில்லை. சிரித்துவிட்டேன். ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம அத அவருகிட்ட குடுக்காதம்மா. கேமரா கைல இருந்தா மேடைய விட்டு எறங்கிடுவாரு. தாரை வார்க்குறப்ப என் பக்கத்துல யாரு நிப்பா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு பேர் சொல்வதும் நியாயம். லென்ஸ் சரியாகவில்லை என்று எனக்குப் பொய் சொல்லவும் வராது. பள்ளங்களை ஸ்பிரிட்டால் துடைத்து, துளி கிரீஸ் வைத்து ரிங்கை மாட்டினேன். ஒவ்வொரு கிளிக்கும் சுத்தமாக விழுந்தது.

ஞாயிறு காலை மண்டபத்தில் அண்ணன் ஓடிவந்து கை நீட்டினார்.

"சரியாயிடுச்சுண்ணே. ஆனா ஒங்க கையில குடுக்க மாட்டேன். கேமராவ என்கிட்ட குடுத்துட்டு மேடைக்குப் போங்க. இந்த லென்ஸ்லயே நான் எடுக்குறேன்."

"நீயா? ரிப்பேர் பண்றவதானே நீ?"

"தினம் டெஸ்ட் ஷாட் எடுக்குறேனே, பத்தாதா?"

முறைத்தார். மேடையில் தனியாக நின்ற ராணி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு ஏறிப் போனார்.

தாரை வார்க்கும்போது, மகள் கையைப் பிடித்தபடி மனிதர் குழந்தை மாதிரி அழுதார். அழுகைக்கு நடுவிலும் மறு கையை என் பக்கம் தூக்கி, இல்லாத ஒரு ரிங்கை விரல்களால் திருகிக் காட்டினார். இன்னும் திற, இல்லாவிட்டால் படம் இருட்டாக வரும் என்று அர்த்தம். திறந்தேன்.

ரிங்கைச் சரிசெய்வதோடு என் வேலை முடிந்துவிடுவதில்லை என்று அன்றுதான் புரிந்தது.

எனக்கும் கண் கலங்கியதில் ஃபோகஸ் கொஞ்சம் தப்பிவிட்டது. கரங்கான் ஸ்டூடியோவில் அந்தப் படத்தைத்தான் பெரிதாக மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் ஃபோகஸைக் குறை சொல்கிறார். ஆனால் கழற்ற மாட்டேன் என்கிறார்.