கொழுப்புப் பட்ட விரல்

ஜூராகான் பிளீச்சிங் தண்ணீரில் கைவிட்டு, நோயாளிகளின் விரிப்புகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நாரின் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த மலைக்கிராமத்தில் இருப்பது ஒரே ஒரு மருந்தறை. அங்கே தாதி, துப்புரவு, அடுப்பு மூட்டுகிற ஆள் எல்லாம் அவள்தான். அலசி அலசி விரல் நுனிகள் உரித்த முட்டைபோல ஆகிவிட்டன.

தேர்தல் சட்டம் மாறும்வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் ரேகைக் கருவி முரண்டு பிடித்தால், அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொள்ளலாம். கள்ள ஓட்டை ஒழிக்கிறோம் என்று தலைநகரத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கருவி ஏற்காத விரலுக்கு ஓட்டு கிடையாது. சட்டம் எழுதியவர்களில் ஒருவர்கூடத் துணி துவைத்ததில்லை போலிருக்கிறது.

இந்த முறை அவளுக்கு ஓட்டு வேண்டியிருந்தது. ஊர்மன்றத்துக்கு நின்றவர் அவள் கணவனின் அண்ணன் ஒஸ்மோன்குல். ஜெயித்தால் மருந்தறையைப் பில்லியர்ட்ஸ் கூடமாக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். எதிர்த்து நின்ற பால்காரி சைகால் அறையைத் தொடமாட்டாள். வீட்டு மருமகள் மூத்தார் பெயரைச் சொல்லக்கூடாது. அதனால் ஜூராகான் வீடு வீடாகப் போய், "அந்தத் தொந்திக்காரருக்குப் போடாதீங்க" என்று பிரசாரம் செய்தாள். தான் தேர்தலிலேயே நிற்கவில்லையே என்று, தொந்தி பெருத்த கசாப்புக்காரர் சண்டைக்கு வந்தார்.

தேர்தலன்று காலை பள்ளிக்கூடத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். பத்துக்கும் சிவப்பு விளக்கு.

"உங்களுக்கு விரலே இல்லைங்குதுக்கா" என்றான் தேர்தல் அலுவலன் கெரிம்பெக்.

"அப்ப இதென்ன, கேரட்டா? சின்ன வயசுல உனக்கு ஊசி போட்ட விரல்டா இது."

"எனக்கு மறக்குமா? சட்டத்துக்குத்தான் தெரியல. சாயந்தரம் வந்து பாருங்க."

மத்தியானம் ஒஸ்மோன்குல் வீட்டில் ஆடு வெட்டி விருந்து. தேர்தலன்று ஓட்டுக்காக விருந்து வைத்தால் குற்றம் என்பதால், அப்பாவின் நினைவு நாள் என்றார். அப்பா செத்தது குளிர்காலத்தில், இப்போது வசந்தம். மருமகள் போகாமல் இருக்க முடியாது, போனாள். பெஷ்பர்மாக் என்ற இறைச்சி நூடுல்ஸை ஐந்து விரலாலும் அள்ளித் தின்றார்கள். ஆட்டின் வால்கொழுப்பு முழங்கைவரை வழிந்தது.

"நல்லா சாப்பிடும்மா. யாருக்குப் போடணும்னு தெரியும்ல?"

"நல்லாவே தெரியும் அத்தான்."

சாப்பாடு முடிவதற்குள் ஓட்டுப் போடும் நேரம் முடியப் பார்த்தது. கை கழுவ நீர் ஊற்றக்கூட விடாமல், "அங்க போய்க் கழுவிக்கலாம், கிளம்புங்கப்பா!" என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனார் ஒஸ்மோன்குல்.

ஜூராகான் நடந்துகொண்டே ஏப்ரனில் கையை அழுத்தித் துடைத்தாள். முதல் ஆளாகப் போய் விரலை வைத்தாள். பச்சை விளக்கு! துடைத்த பிறகும் ஒட்டியிருந்த லேசான பிசுக்கு, காய்ந்த தோலில் மிச்சமிருந்த ரேகையைத் தூக்கிக் காட்டிவிட்டது. அவள் ஓட்டைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றாள்.

அடுத்து வந்த கசாப்புக்காரர் விரல் வைத்ததும் கண்ணாடியே நெய்ச்சட்டிபோல ஆயிற்று. துடைத்தார்கள். அடுத்தவர் வைத்தார். மறுபடி துடைத்தார்கள்.

"கொழுப்பு தடவின விரல் எப்படிப்பா செல்லும்? அவ ஓட்டை எடு!" என்று ஒஸ்மோன்குல் கத்தினார்.

கெரிம்பெக் சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். "விரல்னுதான் போட்டிருக்குண்ணே. கொழுப்பு கூடாதுன்னு எங்கயும் இல்ல."

"அப்ப என் ஆளுங்க விரலுக்கு என்ன கேடு?"

"கொழுப்புக்கு அடியில விரல் இருந்தா கருவி பாக்காதா? போய்க் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

பள்ளியில் ஒரு குழாய், ஒரு சோப்புத் துண்டு. குளிர்ந்த நீர் பட்டதும் கொழுப்பு மெழுகாக உறைந்தது. பாதிப் பேர் அலுத்துப்போய் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். மீதிப் பேர் குழாயடியில் தள்ளிக்கொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டது என்று கெரிம்பெக் கதவைச் சாத்தினான். சைகால் ஜெயித்தாள்.

மறுநாள் காலை கெரிம்பெக் ஒரு மனுவோடு மருந்தறைக்கு வந்தான். விரல் தேய்ந்தவர்களுக்குப் பழையபடி கையெழுத்து போதும் என்று சட்டத்தில் சேர்க்கச் சொல்லித் தலைநகரத்துக்கு எழுதியிருந்தான்.

"வால்கொழுப்பைப் பத்தியும் ஒரு வரி சேர்க்கட்டுமாக்கா?"

"வேணாம்டா. அதை அளக்க இன்னொரு கருவி வாங்கிருவானுங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு, வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த மூத்தாரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள்.