ஃபார் அக்கா எழுதிய சீட்டு

ஃபார் அக்கா என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

எங்கள் வேலை அப்படி. நாங்கள் ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்லோடு, எந்தப் பெயர்ச்சொல்லோடு ஃபார், வித் மாதிரி எந்த முன்னிடைச்சொல் சேர்ந்து வரும் என்று மட்டும் சொல்கிற அகராதி. நமக்கு 'அவனுக்கு' என்று 'கு' பின்னால் ஒட்டிக்கொள்கிறது, தொல்லை விட்டது. அவர்களுக்கு அந்தச் சின்னச் சொல் தனியாக நிற்கும். எது எதோடு சேரும் என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. 'லுக் ஃபார்' என்றால் தேடுவது. அதே லுக்குக்குப் பின்னால் 'ஆஃப்டர்' போட்டால் பார்த்துக்கொள்வது. ஏன் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அப்படித்தான் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒரு முன்னிடைச்சொல் ஒதுக்கியிருந்தார்கள். அதுவே ஆளுக்குப் பெயராகிவிட்டது. 'வித்' என்று ஒருவர் இருந்தார், தேநீர் குடிக்கக்கூடத் தனியாகப் போகமாட்டார். எனக்கு விழுந்தது 'அகெய்ன்ஸ்ட்'. எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவளுக்குச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அலுவலகமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பொய்யில்லையே.

நாங்கள் எதையும் சொந்தமாக எழுதக் கூடாது. செய்தித்தாள், அறிவிப்பு, மருந்துப் பெட்டி, கடிதம் என்று எங்காவது யாராவது நிஜமாகவே எழுதிய வாக்கியமாக இருக்கவேண்டும். அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதி, எங்கே எடுத்தோம், என்றைக்கு எடுத்தோம் என்று கீழே குறித்து இழுப்பறையில் போடவேண்டும். ஒரு சேர்க்கைக்கு மூன்று சீட்டாவது சேர்ந்தால்தான் அது புத்தகத்தில் ஏறும். ஃபார் அக்கா ஒன்பது வருடத்தில் பதினோராயிரம் சீட்டு எழுதியிருந்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பேருந்தில் உட்கார்ந்து பக்கத்து ஆளின் செய்தித்தாளை எட்டிப் பார்த்து எழுதி, திட்டு வாங்கிக்கொண்டு வந்த நாளெல்லாம் உண்டு. கேட்டால், "திட்டினதுலயும் ஒரு ஃபார் இருந்துச்சு, அதையும் எழுதிக்கிட்டேன்" என்பார்.

ஆனால் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தனியாக இருக்கிறார் என்று தெரியும், அதோடு சரி. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு கூத்து நடக்கும். அலுவலகத்து ஆண்களிடம் போய், "உங்களுக்குக் கழுத்தளவு என்ன? உங்க வயசு என்ன?" என்று விசாரிப்பார். யாருக்கோ சட்டை வாங்குகிறார் என்று புரிந்தது. "யாரு அக்கா அந்த மகராசன்? கண்ணுலயாவது காட்டக் கூடாதா?" என்று நான்தான் அதிகமாகக் கேலி செய்வேன். அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அந்தக் கேலியை இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தைய மாதம் சரிபார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஐம்பது சீட்டுக்கு ஒன்று வீதம் உருவி, அது எடுத்த இடத்தில் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சொந்தக் கடிதத்திலிருந்து எடுத்ததாக இருந்தால், நானும் அகராதியின் ஆசிரியரும் அந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து ஒப்பமிடவேண்டும். கடிதத்தைக் காட்டாவிட்டால் சீட்டு கற்பனை என்று கணக்கு. ஒன்று கற்பனை என்றால் மற்றதை எப்படி நம்புவது? அந்த ஆளின் இழுப்பறை மொத்தமும் தள்ளுபடி, வேலையும் போய்விடும்.

ஃபார் அக்காவின் இழுப்பறையில் என் கைக்கு வந்த சீட்டில், 'தேங்க் யூ ஃபார் த ஷர்ட்ஸ்' என்று இருந்தது. கீழே, 'சொந்தக் கடிதம்'.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அக்கா, 'தேங்க் ஃபார்' நம்மகிட்ட இருநூறு சீட்டுக்கு மேல இருக்கே. இதை வேற எதுக்கு எழுதினீங்க? சரி, கடிதத்தைக் கொண்டாங்க, பார்த்துடலாம்."

அவர் முகம் வெளுத்துப்போனது. "அந்தச் சீட்டை எடுத்துடேன்."

"உருவினதை எப்படிக்கா எடுக்கறது? எண்ணைப் பதிவு பண்ணியாச்சு."

"கடிதத்தைக் காட்ட முடியாதும்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப இது நீங்களா எழுதினதா? ஒன்பது வருஷ உழைப்பை ஒரு சட்டைக்காகக் குப்பையில போடப் போறீங்களா? உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. விதி என்றால் விதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்தார். நேரே ஆசிரியர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரே ஒரு தாள் இருந்தது.

"படிங்க சார். நீயும் படி," என்றார். "எம் பையன் எழுதினது. அவனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது அவங்கப்பாவும் நானும் பிரிஞ்சிட்டோம். அவனை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவனுக்கு நம்ம எழுத்து தெரியாது. இருபத்திரண்டு வருஷத்துல அவன் எனக்கு எழுதின ஒரே கடிதம் இது."

ஒரு பக்கம்கூட இல்லை. சட்டைகளுக்கு நன்றி, கழுத்து மட்டும் கொஞ்சம் இறுக்கம் என்று ஆரம்பித்திருந்தான். தனக்குக் கல்யாணம், தேதி இன்னது. அங்கே எல்லோருக்கும் தன்னை வளர்த்தவர்தான் அம்மா, அன்றைக்குப் போய் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த வரியில் என் கண் நின்றது. 'தேர் இஸ் நோ கால் ஃபார் யூ டு கம்.' நீங்கள் வரவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

நான் அப்போது செய்ததை எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த 'நோ கால் ஃபார்' என்ற சேர்க்கைக்கு எங்களிடம் இரண்டே சீட்டுத்தான் இருந்தது. மூன்றாவது கிடைக்காமல் இரண்டு வருடமாக அலுவலகமே தேடியது. அதைப் பார்த்ததும், ஐயோ, என் முகம் மலர்ந்துவிட்டது. கிடைத்துவிட்டது என்று வாய் திறக்கப் போனேன். நிமிர்ந்தால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"உனக்கும் அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. "எனக்கும் அதேதான். மூணாவது கிடைச்சிடுச்சுன்னு சந்தோஷமா பேனாவை எடுத்துட்டேன். எடுத்த பிறகுதான் அவன் என்ன சொல்றான்னே புரிஞ்சுது. பெத்தவளுக்கு வர்ற புத்தியா இது, சொல்லு. அந்தக் கையாலேயே அந்த வரியை எழுத முடியல. அதுக்குப் பதிலா நன்றின்னு சொன்னதை எழுதினேன். அவன் எங்கிட்ட சொன்ன நல்ல வார்த்தை அது ஒண்ணுதான். எங்கயாவது பதிவா இருக்கட்டும்னு தோணுச்சு."

ஆசிரியர் சட்டைச் சீட்டில் ஒப்பமிட்டு என் பக்கம் நகர்த்தினார். நானும் போட்டேன். இழுப்பறை தப்பித்தது. "கடிதத்தை எடுத்துக்குங்கம்மா," என்றார் ஆசிரியர். அந்த இன்னொரு வரியைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

அக்கா கடிதத்தை எடுக்கவில்லை. மேசைமேல் இருந்த வெற்றுச் சீட்டு ஒன்றை உருவினார். அதே அச்சுக் கையெழுத்தில் அந்த வரியை எழுதினார். தேதி போட்டார். சொந்தக் கடிதம் என்றும் போட்டார்.

"இருக்கறதை இல்லைன்னு மறைச்சு வெச்சேன். அதுவும் தப்புத்தானே? இந்தா, ஒப்பம் போடு."

"நான் போடமாட்டேன்," என்றேன்.

"ஏன்? நேத்து ஒரு சீட்டுக்காக அந்தக் கத்து கத்தினியே?"

"முழுசாப் படிச்சவங்கதான் போடணும். நான் முழுசாப் படிக்கலை. கண்ணாடி கொண்டு வரலை."

கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

அந்தச் சேர்க்கை எங்கள் புத்தகத்தில் இல்லை. யாராவது தேடிப் பார்த்துவிட்டு இதுகூடத் தெரியாதவர்கள் என்று ஏசினால் ஏசட்டும். வேலையில் நான் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான். இன்னொரு தடவை வாய்த்தாலும் செய்வேன்.

கல்யாணத்தன்று அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்துவிட்டார். புதுத் துணி உடுத்தியிருந்தார். உட்கார்ந்து சீட்டுகளை அடுக்கினார், பிரித்தார், மறுபடி அடுக்கினார். பதினொரு மணி வாக்கில் எழுந்து கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க," என்றார். "இன்னிக்கு எம் பையனுக்குக் கல்யாணம்."

அக்காவுக்குப் பையனா என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. முதலில் வித் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். "பொண்ணு எப்படிக்கா, அழகா இருக்காளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரொம்ப அழகு," என்றார் அக்கா.