மூன்று பேரரசுகளுக்கு அரை மணித்தியாலம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா மூன்று பேரரசுகளை அரை மணித்தியாலத்துக்குள் எழுப்பி விழுத்த வேண்டியிருந்தது. உதுமானியர், சஃபவியர், முகலாயர். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் சரித்திர வாத்தியாராக இருந்தவர், ஒக்லாந்துக்கு வந்த நாலு வருடமாக விரி என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு ஒரு ஹைஸ்கூல் கூப்பிட்டிருந்தது. ஒரு பாடம் படிப்பித்துக் காட்டவேண்டும், பிடித்தால் வேலை. பாடத்தையும் அவர்களே சொல்லியிருந்தார்கள்.

த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் குசினி அந்தக் கிழமை வகுப்பறையாயிற்று. நானும் அம்மாவும் மாணவிகள். வெங்காயம் உரித்துக்கொண்டே படித்ததால் அம்மாவை அப்பா கணக்கில் எடுக்கவில்லை. களஞ்சியத்துப் பெட்டி மட்டை ஒன்றை விரித்து, உட்பக்கத்தில் மூன்று அரசுகளுக்கும் மூன்று நிறம் தீட்டியிருந்தார். உதுமானியரின் பச்சை வியன்னாவின் வாசல்வரை போயிருந்தது.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி ஆங்கிலத்தில் நோட்ஸ் சொன்னார். பீரங்கியால் எழும்பினார்கள், கமா. பிறகு இளவரசர்களை அரண்மனைக்குள் பூட்டி வளர்த்தார்கள், ஃபுல்ஸ்ரொப். நான் கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன்.

இங்கே ஒருவரும் இப்படிப் படிப்பிப்பதில்லை. எங்கள் ரீச்சர் மேசைமேல் ஏறி இருந்து கேள்வி கேட்பார். நாங்கள் நாலைந்து பேராகக் கூடியிருந்து சத்தம்போட்டுப் பதில் தேடுவோம். ஹைஸ்கூல் பொடியள் முதல் கமாவிலேயே சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே காதில் கேட்டது.

நோட்ஸ் முடிந்ததும் அப்பா தமிழுக்கு வந்தார்.

"ஏன் விழுந்தவங்கள் தெரியுமோ, பிள்ளை? ஆயிரம் காரணம் எழுதலாம். ஆனா ராசாவுக்கு உள்ளதைச் சொல்ல ஒரு சனம் பக்கத்தில இல்லை. எல்லாரும் ஓம் ஓம் எண்டுகொண்டு நிண்டவை."

பிறகு என் பக்கம் குனிந்தார்.

"இஞ்சத்த வாத்திமாரும் இப்பிடித்தானே படிப்பிக்கிறவை?"

இல்லை என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். இந்த நாட்டில் அந்த முகம் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதேயில்லை. எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற நான் அன்றைக்குத் தமிழில் சொன்னேன்.

"ஓம் அப்பா."

அடுத்தநாள் ஒடாஹுஹுக் கடைத்தெருவில் ஒரு பெட்டி வெண்கட்டி வாங்கி வந்தார். எங்கள் வகுப்பில் கரும்பலகையே கிடையாது, வெள்ளைப் பலகையும் பேனையும்தான். அதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வருமே என்று பயம்.

அந்த நாளும் வந்தது. கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு, வெண்கட்டிப் பெட்டியை அதன் பையில் வைத்துக்கொண்டு, மட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி அப்பா பஸ் ஏறினார். பள்ளியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜன்னலடியிலேயே நின்றேன். அவர் தெருமுனையில் திரும்பியபோது நடையை வைத்து ஏதாவது கண்டுபிடிக்கப் பார்த்தேன். வழக்கமான நடைதான்.

"நல்லாய்ப் போச்சுது," என்றார். "பொடியள் வாயே திறக்கேல்லை. அப்பிடி எழுதினவை."

எனக்குப் போன உயிர் வந்தது. அம்மா தேத்தண்ணி வைத்தார். அவர் மேசையில் வைத்த வெண்கட்டிப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். கடையில் ஒட்டின செலோரேப் அப்படியே இருந்தது. அப்பா சிக்கனக்காரர், எழுதாமலே சமாளித்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் விடிய அவர் பழையபடி விரிக் களஞ்சியத்துக்குப் போனார். புது வேலை தொடங்க நாள் இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

நான் சொன்ன பொய்யைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார் என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. அந்தச் சனிக்கிழமை அவர் வெண்கட்டிப் பெட்டியை என் கையில் தந்து, வெளியே சீமெந்தில் கோடு கீறி விளையாடச் சொன்னார். அவருக்குத் தேவைப்படாதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பின்னேரத்துக்குள் முழுவதையும் கீறி முடித்துவிட்டேன்.